பி. எஃப். ஸ்கின்னர்

பர்ரஸ் ஃபிரெடரிக் ஸ்கின்னர் (மார்ச் 20, 1904 - ஆகஸ்ட் 18, 1990) ஓர் அமெரிக்க உளவியலாளர் ஆவார். உணவைப் பரிசாக அளித்து விலங்குகளையும் பறவைகளையும் பழக்கும் முறையைச் சோதனைகள் மூலம் விரிவாக ஆராய்ந்தவர்.

வாழ்க்கைக் குறிப்பு

ஸ்கின்னர் பென்சில்வேனியா மாநிலத்தின் சஸ்குவஹானா என்னும் ஊரில் பிறந்தார். 1926 இல் ஹாமில்ட்டன் கல்லூரியில் பட்டம் பெற்றபின் எழுத்தாளராக முயன்றார். அதில் வெற்றி கிட்டாததால் உளவியலுக்கு மாறி, 1931 இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். மினசோட்டா, இந்தியானா பல்கலைக்கழகங்களில் பணியாற்றிவிட்டு 1948 இல் ஹார்வர்டுக்குத் திரும்பினார். இரத்தப் புற்றுநோயால் காலமானார்.

கொள்கை

ஒரு செயலை அடுத்து உடனடியாக உணவு கிடைத்தால், அச்செயல் மீண்டும் நிகழும் வாய்ப்புக் கூடுகிறது. இதனை ஸ்கின்னர் வலுவூட்டல் என்றார். பெட்டிக்குள் எலி நெம்புகோலை அழுத்தினால் உணவு விழும் அமைப்பின் மூலம் இதனை ஆராய்ந்தார். 1938 இல் வெளியான நூலில் தம் முடிவுகளைத் தொகுத்தளித்தார்.

புறா ஆய்வுகள்

இரண்டாம் உலகப் போரின்போது, குண்டின் முன்பகுதியில் புறாவை அமர்த்தி, திரையில் தெரியும் இலக்கைக் கொத்தவைத்துக் குண்டின் திசையைத் திருத்தும் திட்டத்தில் ஈடுபட்டார். இப்பணி மினியாபொலிசில் ஒரு மாவு ஆலையின் மேல்தளத்தில் நடைபெற்றது. சன்னலோரம் வந்த ஊர்ப்புறாக்களும் சோதனைக்குப் பிடிக்கப்பட்டன. 1943 இல் அங்கு ஒரு புறாவுக்கு மரப்பந்தை அலகால் தள்ளக் கற்பித்தனர். பறவை முழுச் செயலையும் செய்யும்வரை காத்திராமல், பந்தைப் பார்த்ததற்கே முதலில் தானியம் அளித்துப் படிப்படியாக முன்னேற்றினர். குண்டுத் திட்டம் 1944 இல் கைவிடப்பட்டது; புறாக்கள் போரில் பயன்படுத்தப்படவில்லை.

1948 இல் வெளியான ஆய்வில், புறாக்கள் என்ன செய்தாலும் குறித்த இடைவெளியில் உணவு வழங்கப்பட்டது. எட்டுப் புறாக்களுள் ஆறு, சுற்றுதல், தலையசைத்தல் போன்ற தொடர்பற்ற செயல்களைத் திரும்பத் திரும்பச் செய்தன. தற்செயலாக அமைந்த வலுவூட்டலே இதற்குக் காரணம் என ஸ்கின்னர் கருதினார். இவ்விளக்கத்தை 1971 இல் ஸ்டாடன், சிம்மல்ஹாக் ஆகியோர் மறுத்தனர்.

எல்லைகள்

ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர் பிரிலாண்ட், மரியன் பிரிலாண்ட் இணையர் பல இன விலங்குகளைப் பழக்கினர். பழக்கிய செயலை நாளடைவில் இயல்பூக்கம் மேற்கொண்டுவிடுவதை 1961 இல் அவர்கள் சுட்டிக்காட்டினர். உண்டியலில் நாணயம் இடப் பழகிய ரக்கூன், உணவைத் தேய்ப்பதுபோல் நாணயங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தது. உணவு ஒரு செயலைக் கற்பிக்கலாம்; உயிரினத்தின் பிறவி இயல்பை அது அழிப்பதில்லை என்பதை இது உணர்த்தியது.

தாக்கம்

ஸ்கின்னரின் முறை காக்கை இனப் பறவைகளிடமும் பயன்பட்டுள்ளது. 2018 இல் பிரான்சின் புய் து ஃபூ பூங்காவில், பழக்கப்பட்ட ஆறு பறவைகள் குப்பைத் துண்டுகளைப் பெட்டியில் இட்டு உணவு பெற்றன.