பனிக்கடலில் நான்சன்

1881ஆம் ஆண்டில் ஜானெட் என்னும் அமெரிக்கக் கப்பலொன்று சைபீரியாவுக்கு வடக்கே பனிக்கட்டிகளிடையே நசுங்கி மூழ்கிற்று. மூன்று ஆண்டுகள் கழித்து, அக்கப்பலைச் சேர்ந்த பொருள்கள் சில நெடுந்தொலைவில் உள்ள கிரீன்லாந்துக் கரையருகே காணப்பட்டன. இச்செய்தி நார்வே நாட்டு இளைஞர் ஒருவரின் உள்ளத்தைக் கவர்ந்தது. அப்பொருள்கள் பனிக்கட்டியோடு மிதந்தே வந்திருத்தல் வேண்டும். பொருள்கள் வந்த வழியே கப்பலும் வரலாகாதோ என அவர் எண்ணினார். அவரே பிரிட்யாப் நான்சன்.

நான்சன் 1861ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள், இன்று ஆஸ்லோ எனப்படும் நகருக்கு அணித்தே பிறந்தார், விலங்கியல் பயின்றார். 1888ஆம் ஆண்டில் தோழர் ஐவருடன் கிரீன்லாந்தின் உட்பகுதியைப் பனிச்சறுக்குக் கட்டைகளின் துணையால் கடந்து புகழ் பெற்றார். பின்னர்த் தம் பழைய எண்ணத்தை அறிஞரிடை வெளியிட்டபோது, வடகடலில் பழகிய முதியோர் பலர் அதனை எள்ளினர். அவர் தளர்ந்தாரல்லர். காலின் ஆர்ச்சர் என்னும் கப்பற் கம்மியரைக் கொண்டு பிராம் என்னும் கப்பலைக் கட்டுவித்தார். அதன் அடிப்புறம் உருண்டு திரண்டிருந்தது. ஆதலின், பனிக்கட்டி இருபுறமும் நெருக்குங்கால் கப்பல் நசுங்காது மேலெழும்பும்.

பதின்மூவர் 1893ஆம் ஆண்டு சூன் திங்களில் புறப்பட்டனர். மலைகளினூடே கடல் நெடுந்தூரம் உட்புகுந்து கிடக்கும் நார்வேயின் நுழைகழிகளைக் கடந்து வடகிழக்கே சென்று, செப்டம்பரில் பனியில் உறைந்தனர். பிராம் நசுங்கவில்லை. ஆயின் அது துருவத்தை நேரே அணுகாது என்பதை நான்சன் உணர்ந்தார். எனவே 1895ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள், யோகான்சன் என்னும் தோழரோடும் 28 நாய்களோடும் கப்பலை விட்டு இறங்கி வடக்கு நோக்கி நடந்தார். ஏப்ரல் திங்களில் 86 பாகை 14 கலை வரை எட்டினார். அதற்குமுன் அத்துணை வடக்கே சென்றவர் எவருமிலர். அப்பாற் செல்வது உயிருக்கு இறுதியாகும் எனத் தெளிந்து திரும்பினார்.

மீளும் வழியில் நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று ஏனைய நாய்களுக்கு உணவாக்க வேண்டியதாயிற்று. எஞ்சிய இரண்டையும் ஈற்றில் சுட நேர்ந்தபோது, தத்தம் நாயைச் சுட மனமின்றி ஒருவர் நாயை மற்றவர் சுட்டனர். பிரான்ஸ் யோசப் தீவுகளுள் ஒன்றில் கல்லடுக்கி, வால்ரஸ் தோலைக் கூரையாக வேய்ந்து, கரடி இறைச்சியை உண்டு அந்நெடும் பனிக்காலத்தைக் கழித்தனர்.

1896ஆம் ஆண்டு சூன் 12ஆம் நாள் பேரிடர் ஒன்று நேர்ந்தது. மூங்கிற் சட்டத்தின்மேல் கித்தான் போர்த்த தம் படகுகள் இரண்டையும் பிணைத்துக் கரையிற் கட்டிவிட்டு, வழி பார்க்கப் பனிமேட்டில் ஏறினர். கட்டிய வார் அறுந்தது. படகுகளைக் காற்று அடித்துச் சென்றது. உணவும் துப்பாக்கியும் அவற்றிலேயே இருந்தன. நான்சன் கடிகாரத்தைத் தோழரிடம் கொடுத்துவிட்டு, உறைநீரில் குதித்து நீந்தினார். கைகால்கள் மரத்தன. யோகான்சன் பனிமீது அங்குமிங்கும் நடந்து தவித்தார். நான்சன் அரிதின் முயன்று படகைப் பற்றி ஏறினார். குளிரால் நடுங்கிய நிலையிலும், எதிர்ப்பட்ட கடற்பறவைகள் இரண்டைச் சுட்டு எடுத்துக்கொண்டே கரை சேர்ந்தார்! பசித்த வயிற்றின் நினைவு அத்தகையது.

ஐந்து நாள் கழித்து நாய் குரைக்கும் ஒலி கேட்டது. ஒலி வந்த திசையில் சென்ற நான்சன், ஜாக்சன் என்னும் ஆங்கிலேயரைக் கண்டார். அழுக்கேறிக் கருத்த முகத்தைச் சிறிது நேரம் உற்று நோக்கிய பின்னரே ஜாக்சன் அவரை அடையாளம் கண்டார். ஆகஸ்டுத் திங்களில் நான்சன் தாயகம் மீண்டார். ஒரு வாரத்தில் பிராம் கப்பலும் வந்து சேர்ந்தது. பதின்மூவரும் உயிருடன் இருந்தனர்.

முதல் உலகப் போருக்குப் பின் நான்சன் நான்கு லட்சத்திற்கு மேற்பட்ட போர்க்கைதிகள் வீடு திரும்ப வழி செய்தார். நாடிழந்தோர்க்கு அவர் முயற்சியால் வழங்கப்பட்ட அடையாளச் சீட்டு, நான்சன் கடவுச்சீட்டு எனப்பட்டது. 1922ஆம் ஆண்டில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற அவர், 1930ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் மறைந்தார். தாம் பனிக்காலம் கழித்த தீவுக்கு அவர் இட்ட பெயர் ஜாக்சன் தீவு என்பதாகும்.