தொழிலாளர் துணைவர் கிரியார்

தேர்தற் காலம் வந்துவிட்டால் எடமலைப்பட்டி புதூரின் தேநீர்க் கடைகளில் எழும் வழக்கு ஒன்றே. ஒரு சாரார் அபேட்சகரின் முகப்பொலிவையும் நாவன்மையையும் எடுத்துரைப்பர். மற்றொரு சாரார் அன்னாருடைய கொள்கை யாது, இதுகாறும் அவர் செய்தது யாது என வினவுவர். ஒரே கட்சியினரும் இவ்வழக்கில் இரு பக்கமாய்ப் பிரிந்து நிற்றலைக் காணலாம். சவுலின் உயரத்தைக் கண்டு ஆர்ப்பரித்த இஸ்ரவேலரும், ஈசாயின் மூத்த மைந்தனைக் கண்டமாத்திரத்தில் அவனே அரசனாதற்குரியவன் என எண்ணிய சாமுவேலும் இதற்குப் புறம்பானவரல்லர். நம் நாட்டுக் குடியரசுத் தலைவர் பதவியைக் குறித்து இவ்வழக்கு மிகக் கடுமையாக எழுந்தது 1969-ஆம் ஆண்டிலே. அதில் வெற்றி பெற்றவர் வராககிரி வேங்கட கிரி. அவர் வாழ்க்கை இரயிற் பாதையோடு பிணைந்தது. நம் ஊரோ இரயிலால் வளர்ந்தது. பொன்மலையும் எடமலைப்பட்டி புதூரும் அவரை நினைக்க வேண்டிய காரணம் உண்டு. அது முழுதும் இனிய காரணமன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

கிரியார் 1894-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் பெர்ஹாம்பூரில், தெலுங்கு பேசும் குடும்பத்திற் பிறந்தார். அவ்வூர் அக்காலத்திற் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. இந்நாளில் ஒடிசாவில் உள்ளது. தந்தையார் ஜோகையா பந்துலு வழக்கறிஞர். மைந்தரும் சட்டம் பயிலும் பொருட்டு 1913-இல் அயர்லாந்து சென்று டப்ளின் நகரை அடைந்தார். அவ்வாண்டிலேயே அந்நகர முதலாளிகள் சங்கத்திற் சேர்ந்த தொழிலாளரை வேலைக்கு வரவொட்டாது கதவடைத்தனர். பல்லாயிரம் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. மூன்று ஆண்டுகள் கழித்து ஈஸ்டர் வாரத்தில் அயர்லாந்தின் விடுதலைக் கிளர்ச்சி வெடித்தது. அயர்லாந்துத் தேசீயவாதிகளோடு பழகிய இந்திய மாணவர்மீதும் ஐயம் விழுந்தது. 1916-இல் அந்நாட்டை விட்டு நீங்குமாறு கிரியாருக்கு ஆணை பிறந்தது. சட்டம் கற்கச் சென்றவர் சங்கம் அமைக்கும் வேட்கையோடு திரும்பினார் எனலாம்.

சென்னையில் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்ட அவர், ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்டு 1922-இற் சிறை புகுந்தார். அதன்பின் அவர் கருத்து இரயில்வேத் தொழிலாளர்மீது சென்றது. பெங்கால் நாகபுரி இரயில்வே ஊழியரை ஒன்று திரட்டினார். அகில இந்திய இரயில்வே ஊழியர் சம்மேளனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவராய் நின்று, பல்லாண்டு அதன் செயலாளராய் உழைத்தார். 1926-இலும் 1942-இலும் அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைவரானார். 1931-இல் இலண்டனிற் கூடிய இரண்டாம் வட்டமேசை மகாநாட்டிற் தொழிலாளர் பிரதிநிதியாக அமர்ந்தார். வேலைநிறுத்தத்தை நடத்த வல்லவராயினும் பேசித் தீர்த்தலையே அவர் பெரிதும் விரும்பினார். முதலாளியும் தொழிலாளியும் நேருக்கு நேர் அமர்ந்து வழக்கைத் தீர்த்துக்கொள்ளல் வேண்டும், வெளியாரின் கட்டாயத் தீர்ப்பு இறுதி மருந்தே என்பது அவர் கொள்கை. அதனைக் கிரி முறை என்றே பிற்காலத்தோர் அழைத்தனர்.

1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் நின்ற தொகுதி பொப்பிலி. எதிர் நின்றவர் அச்சமஸ்தானத்து அரசர்; நீதிக் கட்சித் தலைவர்; சென்னை மாகாண முதன்மந்திரியாய் இருந்தவர். அரசரைத் தம் ஊரிலேயே தோற்கடித்தார் தொழிற்சங்கத் தலைவர். பிறப்பின் ஒளியைத் தொண்டு வென்றது என இதனைப் பாடிவிடுதல் எளிது. ஆயினும் அவ்வாண்டு காங்கிரசின் மஞ்சட் பெட்டியில் வாக்களித்த மக்களிற் பலர் அபேட்சகரை அறிந்தல்ல, காந்தியடிகளின் பெயரை அறிந்தே அளித்தனர் என்பதையும் மறைத்தற்கில்லை. இராஜாஜியின் மந்திரி சபையிற் கிரியார் தொழிலாளர் இலாகாவை ஏற்றார்.

இனி நம் ஊரின் கதை. 1946-இற் பிரகாசம் அமைத்த மந்திரி சபையிலும் தொழிலாளர் இலாகா கிரியாரிடமே இருந்தது. அவ்வாண்டு தென்னிந்திய இரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். செப்டம்பர் 5-ஆம் நாள் பொன்மலையிற் கூடியிருந்தோர்மீது காவற்படை துப்பாக்கிப் பிரயோகம் செய்தது. தொழிலாளர் ஐவர் மாண்டனர். சுட ஆணையிட்டவர் கிரியார் அல்லர். காவல் இலாகாவும் அவருடையதன்று. எனினும் இரயில்வேத் தொழிலாளரின் தோழர் வீற்றிருந்த சபையின் ஆட்சியிலே இரயில்வேத் தொழிலாளர் சுடப்பட்டனர் என்பது வரலாறு. அவரைப் போற்றி எழுதுவோர் பெரும்பாலும் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர். திருச்சிராப்பள்ளியார் அவ்வாறு கடத்தல் முறையன்று.

பின்னர் இலங்கையில் இந்தியத் தூதரானார். 1952-இல் மத்திய அரசின் தொழிலாளர் மந்திரியானார். வங்கி ஊழியரின் ஊதிய வழக்கில் நியாய சபை அளித்த தீர்ப்பை அரசாங்கம் திருத்த முற்பட்டபொழுது, அதற்கு உடன்படாது 1954-இற் பதவியைத் துறந்தார். அவர் வாழ்வில் எமக்கு மிக உயர்ந்ததாய்த் தோன்றுவது இச்செயலே. வாக்குகளோ பரிசோ அதனால் விளையவில்லை. 1957-இற் பார்வதிபுரம் தொகுதியில் தோற்றார், வழக்காடியும் பயனில்லை. உத்தரப் பிரதேசம், கேரளம், மைசூர் ஆகிய மூன்று மாநிலங்களிற் கவர்னராயிருந்து, 1967-இற் குடியரசுத் துணைத் தலைவரானார்.

1969 மே 3-இற் குடியரசுத் தலைவர் ஜாகீர் ஹுசேன் காலமாகவே, கிரியார் அப்பதவியைத் தற்காலிகமாக ஏற்றார். காங்கிரசின் மேலிடம் நீலம் சஞ்சீவ ரெட்டியை அபேட்சகராக நிறுத்தியது. பிரதமர் இந்திரா காந்தி ரெட்டியின் நியமனப் பத்திரத்திற் கையொப்பமிட்டும், மனம் அவர்பால் இல்லை. ஜூலை 19-இற் பதினான்கு பெரிய வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டம் பிறந்தது. அதனைப் பிறப்பித்தவர் தற்காலிகத் தலைவரான கிரியார். வங்கி ஊழியர் பொருட்டு முன்னர் மந்திரி பதவியை உதறியவர் அவரே. மறுநாளே பதவி துறந்து, கட்சிச் சார்பின்றித் தேர்தலில் நின்றார்.

மூன்றாமவர் சிந்தாமணி தேஷ்முக். ரிசர்வ் வங்கியின் முதல் இந்தியக் கவர்னர். நிதி மந்திரியாய் ஆறாண்டு இருந்தவர். சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் அவரை ஆதரித்தன. கல்வியும் நிர்வாகத் திறனும் மட்டுமே தராசாயின் அவர் தட்டே தாழ்ந்திருக்கும் என்பது எம் கருத்து. வாக்காளரோ பொதுமக்கள் அல்லர். பாராளுமன்ற, சட்டசபை உறுப்பினரே. ஆராய்ந்து தெளிய வல்லவர் என நாம் கருதும் இவரும், மூவரின் தகுதியை ஆராய்ந்ததினும் இந்திரா காந்தியா, காங்கிரஸ் மேலிடமா என்றே ஆராய்ந்தனர். அம்மையார் தம் கட்சியினரை மனச்சான்றின்படி வாக்களிக்கச் சொன்னார். பொதுவுடைமையரும் தி. மு. க.வினரும் கிரியார் பக்கம் நின்றனர். காமராஜர் ரெட்டியின் பக்கம் நின்றார். ரெட்டியின் ஒழுக்கத்தைப் பழிக்கும் துண்டுப் பிரசுரம் ஒன்றும் உறுப்பினரிடையே உலவியது.

ஆகஸ்டு 20-இல் வாக்குகள் எண்ணப்பட்டன. முதல் விருப்ப வாக்குகளின் மதிப்பு கிரியாருக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. வெற்றிக்கு வேண்டியதோ 4,18,169. ஏனையோர் ஒவ்வொருவராய் நீக்கப்பட்டு, அவர்களுக்கு வாக்களித்தோரின் இரண்டாம் விருப்பமும் எண்ணப்பட்ட பின்னரே கிரியார் 4,20,077 பெற்றார். ரெட்டி 4,05,427 பெற்றார். இரண்டாம் விருப்பத்தால் முடிவு காணப்பட்ட குடியரசுத் தலைவர் தேர்தல் வேறில்லை. அத்தேர்தலை எதிர்த்து எழுந்த வழக்கிற் கிரியார் தாமே உச்ச நீதிமன்றத்திற் சென்று சாட்சியம் அளித்தார். 1970-இல் அவ்வழக்குத் தள்ளுபடியாயிற்று.

வாக்களித்தோர் எதனைத் தேர்ந்தனர் என்பது ஐந்தாண்டுகளில் வெளிப்பட்டது. அம்மையாரின் ஆதரவால் வந்த தலைவர் அம்மையாரின் விருப்பிற்கு மாறாக நடந்த சந்தர்ப்பங்கள் அரியன. 1974 மே 8-இல் நாடெங்கும் இரயில்வேத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். முன்னின்று நடத்தியவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். அவர் அப்பொழுது தலைமை வகித்தது கிரியார் தோற்றுவித்த அந்தச் சம்மேளனத்திற்கே. அரசாங்கம் பல்லாயிரவரைச் சிறையிட்டது. குடியிருப்பு வீடுகளிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. மே 27-இல் வேலைநிறுத்தம் முறிந்தது. 1954-இல் ஓர் ஊதிய வழக்கிற்காக மந்திரி பதவியை உதறியவர், இம்முறை பதவியிலேயே இருந்தார். குடியரசுத் தலைவர் மந்திரி சபையின் ஆலோசனைப்படி நடக்க வேண்டியவர் என்பர் சட்டம் அறிந்தோர். உண்மையே. ஆயினும் பதவிக்காலம் முடிய மூன்று மாதங்களே எஞ்சியிருந்தன.

ஆகஸ்டு 24-இல் அவர் ஓய்வு பெற்றார். 1975-இற் பாரத ரத்தினப் பட்டம் பெற்று, 1980 ஜூனிற் சென்னையிற் காலமானார். நொய்டாவிலுள்ள தேசீயத் தொழிலாளர் ஆராய்ச்சி நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பொன்மலையில் ஆண்டுதோறும் செப்டம்பர் 5-இல் அவ்வைவருக்குத் தொழிலாளர் மலரஞ்சலி செலுத்துகின்றனர்.