எட்மண்ட் எச். நார்த்

எட்மண்ட் எச். நார்த் (மார்ச் 12, 1911 – ஆகஸ்ட் 28, 1990) ஓர் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர் ஆவார். பேட்டன் (1970) திரைப்படத்தின் திரைக்கதைக்காகப் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவுடன் அகாதமி விருதைப் பகிர்ந்து கொண்டார். எனினும், இவரது பெயரை அறியாத பலரும் இவர் புனைந்த மூன்று சொல் தொடர் ஒன்றை அறிவர். த டே த எர்த் ஸ்டுட் ஸ்டில் (1951) என்னும் அறிவியல் புனைவுத் திரைப்படத்தில் இடம்பெறும் கிளாட்டு பராடா நிக்டோ என்னும் வேற்றுலக மொழித் தொடரே அது.

வாழ்க்கை

நியூயார்க்கில் மேடைக் கலைஞர் குடும்பத்தில் பிறந்த நார்த், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1930களில் ஹாலிவுட்டில் எழுதத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவத்தின் சிக்னல் படைப்பிரிவில் பணியாற்றினார். சிங்க் த பிஸ்மார்க் (1960) இவரது பிற படங்களுள் ஒன்று. பேட்டன் திரைக்கதையை இவரும் கொப்போலாவும் சேர்ந்தமர்ந்து எழுதவில்லை. வெவ்வேறு காலங்களில் தனித்தனியே எழுதினர்.

மூன்று சொற்கள்

1951ஆம் ஆண்டுப் படத்தை இராபர்ட் வைஸ் இயக்கினார். ஆரி பேட்ஸ் 1940இல் எழுதிய ஃபேர்வெல் டு த மாஸ்டர் என்னும் சிறுகதையே இதற்கு மூலம். கதையில் இத்தொடர் இல்லை. அது நார்த்தின் ஆக்கம். கொரியப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அணுவாயுதங்களைப் பிற கோள்களுக்கும் கொண்டு செல்ல முனையாதீர் என மனிதரை எச்சரிக்க, கிளாட்டு என்னும் வேற்றுலகத் தூதர் வாசிங்டனில் வந்திறங்குகிறார். அவருடன் வரும் கோர்ட் என்னும் இயந்திர மனிதனுக்கு உலகையே அழிக்கும் ஆற்றல் உண்டு. தனக்கு ஏதேனும் நேர்ந்தால் கோர்ட்டிடம் சொல்லுமாறு, எலன் என்னும் பெண்ணுக்குக் கிளாட்டு இத்தொடரைக் கற்பிக்கிறார்.

கிளாட்டு சுடப்பட்டு இறக்க, காவலர் இருவரை அழித்துவிட்டு கோர்ட் எலனை நோக்கி வருகிறது. அச்சத்தில் நாக்குழறிய எலன் ஒருவாறு அச்சொற்களைக் கூறிவிடுகிறார். கோர்ட் நிற்கிறது. பின்னர் கிளாட்டுவின் உடலை மீட்டு வந்து உயிர்ப்பிக்கிறது.

முதற்சொல் தூதரின் பெயர். மற்ற இரண்டின் பொருளைப் படம் எங்கும் கூறவில்லை. அழிக்காதே என்பதா, கிளாட்டுவைக் காப்பாற்று என்பதா, இரண்டுமா என்பதைக் கோர்ட்டின் செயலைக் கொண்டே ஊகிக்க வேண்டும். உருசிய மொழியில் நிக்டோ என்பதற்கு யாருமில்லை என்று பொருள். அதைக் கொண்டு மொழிபெயர்க்க முயன்றால் தெளிவு கிட்டுவதில்லை. பிற்காலத்தில் மார்க் ஒக்ராண்டு உருவாக்கிய கிளிங்கான் மொழியைப் போல இதற்கு இலக்கணமோ அகராதியோ கிடையாது. மொழிபெயர்த்திருந்தால் இது வெறும் கட்டளையாக நின்று விரைவில் மறக்கப்பட்டிருக்கும்.

கிளாட்டு மனிதரிடையே வாழும்போது கார்ப்பெண்டர், அதாவது தச்சர், என்னும் பெயரைச் சூடுகிறார். இறந்து மீண்டும் எழுகிறார். இயேசுவின் கதையோடுள்ள இந்த ஒப்புமையைத் தான் வேண்டுமென்றே அமைத்ததாகவும், இயக்குநரிடம்கூட அதைக் கூறவில்லை என்றும் நார்த் பின்னாளில் தெரிவித்தார்.

பிற்காலத் தாக்கம்

கனடாவில் 1973இல் தோன்றிய ஓர் இசைக்குழு கிளாட்டு என்று பெயரிட்டுக் கொண்டது. டிரான் (1982) படத்தில் கணினிப் பொறியாளர் ஒருவரின் பணியிடத்தில் இத்தொடர் எழுதி மாட்டப்பட்டுள்ளது. ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை (1983) படத்தின் துணைப் பாத்திரங்களுக்கு இச்சொற்கள் பெயர்களாயின. ஆர்மி ஆஃப் டார்க்னெஸ் (1992) படத்தில் இத்தொடர் சற்றே திரிந்து மந்திரமாக வருகிறது. நாயகன் கடைசிச் சொல்லை மறந்து இருமிச் சமாளிக்க, இறந்தோர் படையாக எழுகின்றனர். நார்த் மறைந்து 18 ஆண்டுகளுக்குப் பின், 2008இல் வெளியான மறுவாக்கத்திலும் இத்தொடர் ஒலித்தது. அப்போதும் பொருள் கூறப்படவில்லை.