ஒளியை ஆராய்ந்த நோயாளி: மருத்துவ மேதை நீல்ஸ் பின்சன்



இந்நாளில் சிவப்பு ஒளி விளக்கு, அகச்சிவப்பு விளக்கு என்னும் இருவகைக் கருவிகள் கடைகளில் விற்கப்படுகின்றன. மூட்டுவலி முதல் முகச்சுருக்கம் வரை யாவும் தீரும் என்று விளம்பரங்கள் பறைசாற்றுகின்றன. இவ்விரண்டும் ஒன்றா, வேறா என்று பெற்றோர் சிலர் எம்மிடம் வினவியதுண்டு. அவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்த யாம், ஒளிக்கதிர்களை வகை பிரித்து மருத்துவத்திற்குப் பயன்படுத்திய ஒரு பெருமகனாரின் வாழ்க்கையில் வந்து நின்றோம். அவரே நீல்ஸ் ரைபெர்க் பின்சன் ஆவார்.

வட அட்லாண்டிக் பெருங்கடலில், டென்மார்க் நாட்டின் ஆளுகைக்கு உட்பட்ட பரோ தீவுகள் உள்ளன. அங்குள்ள தோர்ஷான் நகரில் 1860-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் பின்சன் பிறந்தார். தந்தையார் ஐஸ்லாந்துக் குடும்பத்தைச் சேர்ந்த அரசு அதிகாரி. அன்னையாரைப் பின்சன் மிக இளம் வயதிலேயே இழந்தார். குளிர்காலத்தில் சில மணி நேரமே பகல் நீடிக்கும் நாடு அது. ஆண்டு முழுதும் வெயிலில் திளைக்கும் நமக்கு, கதிரவனுக்காக ஏங்கும் அம்மக்களின் உள்ளம் எளிதில் விளங்காது.

கல்விக்காக டென்மார்க்கில் உள்ள விடுதிப் பள்ளி ஒன்றுக்கு அவர் அனுப்பப்பட்டார். அங்கே அவர் ஒளிரவில்லை. நல்ல உள்ளம் படைத்தவர் எனினும் திறமையும் ஊக்கமும் குறைந்தவர் என்றே அப்பள்ளியின் தலைவர் மதிப்பிட்டார். பின்னர் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரப் பள்ளிக்கு மாறிய பின்சன், 1882-இல் தம் 21-ஆம் வயதில், 15 மாணவருள் 11-ஆவதாகத் தேறினார். ஆண்டுதோறும் மாணவரின் தேர்ச்சி அறிக்கையில் கையொப்பமிடும் எம்மைப் போன்றோர் இச்செய்தியைப் படிக்கும்போது சற்றே நாணுதல் வேண்டும். மதிப்பெண் ஒரு நாளின் அளவேயன்றி ஒரு வாழ்வின் அளவன்று.

அவ்வாண்டே அவர் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். ஆயின் அடுத்த ஆண்டிலிருந்தே ஒரு கொடிய நோய் அவரைப் பற்றத் தொடங்கியது. இதயம், கல்லீரல் ஆகியவற்றைச் சூழ்ந்த சவ்வுகள் தடித்து, வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும் நோய் அது. சோர்வும் சோகையும் அவரை வாட்டின. அவர் தங்கியிருந்த அறையோ வடக்கு நோக்கியது. கதிரவன் எட்டிப் பாராதது. வெயில் பட்டால் தம் உடல் தெளிவடைவதை அவர் உணர்ந்தார். கூரைமேல் படுத்திருந்த ஒரு பூனை, நிழல் நகர நகரத் தானும் வெயிலை நோக்கி நகர்ந்ததைக் கண்டு அவர் சிந்தனையில் ஆழ்ந்தார் என்றும் கூறுவர். ஒளியில் உயிர்களுக்கு உதவும் ஆற்றல் யாது? இவ்வினா அவர் நெஞ்சில் வேரூன்றியது.

1890-இல் மருத்துவப் பட்டம் பெற்ற பின்சன், பல்கலைக்கழகத்தில் உடற்கூறு பயிற்றுவிக்கும் பணியை ஏற்றார். 1893-இல் அதனையும் துறந்து முழுமையாக ஒளி ஆராய்ச்சியில் இறங்கினார்.

மாணவர்களே, வெண்மையாகத் தோன்றும் வெயிலில் வானவில்லின் வண்ணங்கள் அனைத்தும் அடங்கியுள்ளதை நீங்கள் அறிவீர்கள். அவற்றோடு கண்ணுக்குப் புலனாகாத கதிர்களும் உண்டு. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் என்னும் வானியலறிஞர், சிவப்பு நிறத்திற்கு அப்பால் வெறுமையாகத் தோன்றிய இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கே வெப்பம் மிகுந்திருந்தது. அதுவே அகச்சிவப்புக் கதிர். மறுமுனையில் ஊதா நிறத்திற்கு அப்பால் இருப்பது புற ஊதாக் கதிர். வெயிலில் தோல் கன்றிப்போவதற்குக் காரணம் வெப்பமன்று, புற ஊதாக் கதிரே என்று பின்சன் தம் சோதனைகளால் தெளிந்தார்.

அக்காலத்தில் பெரியம்மை உயிர்களைக் கொன்றது. பிழைத்தவர் முகத்திலும் ஆறாத் தழும்புகளை விட்டுச் சென்றது. புகைப்படத் தாளை இருட்டறையில் சிவப்பு விளக்கொளியில் வைத்துக் கழுவுவர். சிவப்பு ஒளி அத்தாளைக் கெடுப்பதில்லை. அவ்வாறே அம்மை கண்டவரைச் சிவப்புத் திரையிட்ட அறையில் வைத்து, ஊதா, புற ஊதாக் கதிர்களைத் தடுத்தால் தழும்பு குறையும் என்று பின்சன் 1893-இல் எடுத்துரைத்தார். நார்வே நாட்டின் பெர்கன் நகர மருத்துவர்கள் இதனைச் செய்து பார்த்து நற்பயன் கண்டதாக அறிவித்தனர். இங்கே ஒன்றை நாம் ஊன்றி நோக்க வேண்டும். சிவப்பு ஒளிக்குக் குணப்படுத்தும் ஆற்றல் உண்டென்று அவர் சொல்லவில்லை. தீங்கு செய்யும் கதிரைத் தடுக்கும் திரையாகவே அதனைக் கொண்டார். பிற்காலத்து மருத்துவர்கள் கவனமாகச் சோதித்தபோது இம்முறையால் பயன் காணவில்லை. அது கைவிடப்பட்டது. தடுப்பூசியே பெரியம்மையை ஒழித்தது. அந்நோய் உலகினின்று நீங்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 1980-இல் அறிவித்தது.

பின்சனின் பெரும்புகழ் அடுத்த முயற்சியால் விளைந்தது. தோலில், சிறப்பாக முகத்தில் பரவி, மூக்கையும் கன்னத்தையும் அரித்துவிடும் ஒருவகைத் தோல் காசநோய் அன்று ஐரோப்பாவில் பலரை வாட்டியது. அந்நோயாளிகள் மக்கள் முன் தோன்ற நாணி, ஒதுங்கி வாழ்ந்தனர். கிருமிகளைக் கொல்லும் கதிர்களை ஒருமுகப்படுத்திப் பாய்ச்சினால் இந்நோய் தீரலாம் என்று பின்சன் எண்ணினார். 1895-இல் கோப்பன்ஹேகன் மின்விளக்கு நிலையத்தில், நெடுங்காலம் இந்நோயால் அவதியுற்ற மோகன்சன் என்னும் பொறியியலாளரின் முகத்தில் முதன்முதலாக இச்சிகிச்சையைத் தொடங்கினார். சில மாதங்களில் புண்கள் ஆறின.

அவர் அமைத்த விளக்கின் நுட்பத்தைக் காண்போம். கரிமுனை விளக்கின் ஒளி, படிகக்கல் வில்லைகளின் வழியே ஒரு புள்ளியில் குவிந்தது. சுட்டெரிக்கும் வெப்பக் கதிர்களை நீக்க ஒளியின் பாதையில் நீர் வைக்கப்பட்டது. குருதி ஒளியை உறிஞ்சிவிடும் என்பதால், தாதி ஒருவர் படிகக்கல்லால் தோலை அழுத்திப் பிடித்துக் குருதியை விலக்கினார். நாள்தோறும் நெடுநேரம் இவ்வாறு செய்ய வேண்டியிருந்தது. 1896-இல் அவர் பெயரால் பின்சன் நிலையம் நிறுவப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் அங்கே நலம் பெற்று, மூடிய முகத்தைத் திறந்து வீடு திரும்பினர்.

1903-இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு பின்சனுக்கு வழங்கப்பட்டது. அப்போது அவர் சக்கர நாற்காலியில் வாழ்ந்தார். விழாவுக்குச் செல்லவும் உடல் இடந்தரவில்லை. பரிசுத் தொகையின் ஒரு பகுதியைத் தம் நிலையத்திற்கே ஈந்தார். தம் நோயையும் அவர் ஆராயாது விடவில்லை. உண்ணும் உணவு, பருகும் நீர், உப்பு ஆகியவற்றை அளந்து குறித்து, உடலில் உப்புத் தேங்குவதைப் பற்றி ஆய்வுரையும் எழுதினார். 1904-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள், 43-ஆம் வயதில் அவர் இவ்வுலகை நீத்தார். பிறருக்கு ஒளியால் நலம் தந்த அவருக்கு, அவ்வொளி முழு நலம் தரவில்லை.

இனி, நம் பெற்றோரின் வினாவுக்கு வருவோம். இன்றைய சிவப்பு ஒளிச் சிகிச்சை பின்சனின் சிவப்பு அறையினின்று பிறந்ததன்று. 1967-இல் ஹங்கேரி நாட்டு மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், மயிர் மழித்த எலிகளின் மீது வலுக்குறைந்த சிவப்பு லேசர் ஒளியைச் செலுத்தியபோது, மயிர் விரைந்து வளர்ந்ததைக் கண்டார். அதுவே இதன் தொடக்கம்.

சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியும். தோலின் மேற்பகுதியில் சில மில்லிமீட்டர் ஆழமே செல்லும். சூடு உண்டாக்குவது அதன் நோக்கமன்று. உயிரணுக்களின் ஆற்றல் உற்பத்தியை அது தூண்டுவதாக அறிஞர் கருதுகின்றனர். அகச்சிவப்புக் கதிரோ கண்ணுக்குத் தெரியாது. அதில் இரு நிலைகள் உண்டு. சிவப்பை அடுத்துள்ள அண்மை அகச்சிவப்பு, சிவப்பைவிட ஆழமாகத் திசுக்களுள் புகும். சிவப்பினின்று தொலைவில் உள்ள அகச்சிவப்பு, தோலின் மேற்பரப்பிலேயே வெப்பமாக மாறிவிடும். மருத்துவமனையில் தசைப்பிடிப்புக்கும் மூட்டு இறுக்கத்திற்கும் காட்டும் அகச்சிவப்பு விளக்கு, இவ்வெப்பத்தாலேயே சற்று இதம் தருகிறது.

புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர்க்கு வாயில் புண் வராமல் தடுக்கச் சிவப்பு, அண்மை அகச்சிவப்பு ஒளிகளை மருத்துவர் பயன்படுத்துகின்றனர். இதற்கு நல்ல சான்று உண்டு. விளம்பரங்கள் கூறும் ஏனைய பலவற்றுக்கு அத்தகைய உறுதியான சான்று இல்லை. மேலும், நீரிழிவால் காலில் உணர்ச்சி குன்றியவர் வெப்ப விளக்கின் சூட்டை அறியாமல் புண்பட நேரிடும். கண்ணுக்குத் தெரியாத கதிர் கண்ணைக் கூசச் செய்யாமலே கெடுக்கவும் கூடும். ஆதலின் மருத்துவரைக் கேளாமல் இவற்றை வாங்கிப் பயன்படுத்துதல் தகாது. மருந்தை நிறுத்திவிட்டு விளக்கை நம்புதல் பெருந்தவறு.

எவ்வளவு அழகிய முரண்! பின்சன் சிவப்பைத் திரையாக்கினார். அகச்சிவப்பை நீரால் விலக்கினார். புற ஊதாவை மருந்தாகக் கொண்டார். அவர் வில்லைகளை 2005-இல் ஆராய்ந்த டென்மார்க் அறிஞர்கள், அவர் நம்பிய கதிர்களுள் பெரும்பகுதி அவ்வில்லைகளைக் கடந்திருக்கவே இயலாது என்றும், வேறு கதிர்களே நோயை நீக்கியிருக்கலாம் என்றும் கண்டனர். அதனால் அவர் பெருமை குன்றவில்லை. எந்தக் கதிர், எந்த நோய்க்கு, எவ்வளவு என்று கேட்டுச் சோதிக்கும் வழியை நமக்குக் காட்டியவர் அவர். அவ்வழியே நின்று அவர் பிழைகளையும் பின்வந்தோர் திருத்தினர்.

மாணவச் செல்வங்களே! வகுப்பில் பின்தங்கிவிட்டோமென்று மனந்தளராதீர்கள். எவர் எதைச் சொன்னாலும், சான்று யாது என்று பணிவுடன் கேளுங்கள். நோயுற்ற உடலோடு அறிவொளியைத் தேடிய பின்சனின் விடாமுயற்சி உங்கள் உள்ளத்திலும் சுடர்விடுக என வாழ்த்துகிறோம்.