36 டாலர் விமானப் பயணம்: ராக் பாடகர் பட்டி ஹாலியின் கதை

ராக் இசை ரசிகர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால் தர்க்கம் வராமல் போகாது. அமெரிக்காவின் தலைசிறந்த இசைக்குழு எது என்று ஒருவர் ஆரம்பித்து வைப்பார். பீச் பாய்ஸ் என்பார் ஒருவர். டோர்ஸ் என்பார் மற்றொருவர். கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவலை விட்டுவிட்டால் எப்படி என்று மூன்றாமவர் சண்டைக்கு வருவார். ஈகிள்ஸ் குழுவுக்காக வாதாடவும் ஒருவர் இருப்பார். விடிய விடியப் பேசினாலும் தீர்ப்பு கிடைக்காது.

இந்தத் தர்க்கத்தில் பலர் மறந்துவிடும் பெயர் ஒன்று உண்டு. இரண்டு கிதார், ஒரு பாஸ், ஒரு டிரம்ஸ் என்று நாலு பேர் சேர்ந்து, தங்கள் பாட்டைத் தாங்களே எழுதிப் பாடுவது இன்று சாதாரண விஷயம். அதை உலகத்துக்குப் பழக்கிவிட்டவர்களில் முன்வரிசையில் நிற்பவர் பட்டி ஹாலி. புகழோடு அவர் வாழ்ந்த காலம் இரண்டு ஆண்டுகள்கூட இல்லை.

பருத்தி நாட்டுப் பிள்ளை

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பருத்தி விளையும் வறண்ட சமவெளியில் லப்பக் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1936-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி பிறந்தவர் சார்லஸ் ஹார்டின் ஹாலி. நாலு பிள்ளைகளில் கடைக்குட்டி. 'பட்டி' என்பது வீட்டில் வைத்த செல்லப் பெயர். தையல் வேலை உள்படப் பல வேலைகள் பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவர் தந்தை. வசதியான வீடு அல்ல. ஆனால் பாட்டுக்குப் பஞ்சமில்லாத வீடு.

ஐந்து வயதில் அண்ணன்மாரோடு பட்டி ஒரு பாட்டுப் போட்டிக்குப் போனான். கையில் ஒரு பிடில். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. சத்தம் வந்து காரியம் கெட்டுவிடக் கூடாதே என்று, வில்லில் பசையைத் தடவி விட்டிருந்தார் அண்ணன். ஓசை வராத பிடிலை வாசித்துக்கொண்டே பையன் பாடினான். பரிசு 5 டாலர் கிடைத்தது.

பள்ளி நாட்களிலேயே நண்பன் பாப் மாண்ட்கோமரியோடு சேர்ந்து உள்ளூர் வானொலியில் ஞாயிறுதோறும் பாடினார். 1955-ம் ஆண்டு எல்விஸ் பிரெஸ்லி லப்பக்குக்கு வந்தபோது அவரது நிகழ்ச்சிக்கு முன்னால் பாடும் வாய்ப்புக் கிடைத்தது. அதுவரை நாட்டுப்புறப் பாட்டுப் பாடிய இளைஞரின் பாதை திரும்பியது. அண்ணனிடம் கடன் வாங்கி நல்லதொரு மின்கிதார் வாங்கினார்.

காணாமல் போன எழுத்து

1956-ம் ஆண்டு ஆரம்பத்தில் டெக்கா இசைத்தட்டு நிறுவனம் அவரோடு ஒப்பந்தம் செய்தது. அந்த ஒப்பந்தத்தில் அவரது குடும்பப் பெயரைத் தவறாக எழுதிவிட்டார்கள். ஆங்கிலத்தில் ஆறு எழுத்துகள் கொண்ட பெயரில் 'இ' என்ற எழுத்து விடுபட்டுப் போயிற்று. ஐந்து எழுத்துப் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது.

பெயர் போனதோடு நிற்கவில்லை. நாஷ்வில் நகர ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் விருப்பப்படி வாசிக்க விடவில்லை. இரண்டு இசைத்தட்டுகள் வெளிவந்தன, இரண்டும் விற்கவில்லை. அங்கே அவர் பாடிய 'தட்ல் பி தி டே' என்ற பாட்டை நிறுவனம் அப்போது வெளியிடவில்லை. 1957-ம் ஆண்டு ஜனவரியில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று கடிதம் வந்தது. அப்போது அவருக்கு வயது 20.

மனம் தளராமல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் குளோவிஸ் என்ற சிற்றூருக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனார். அங்கே நார்மன் பெட்டி என்பவர் ஒரு ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தார். அவர் மணிக்கணக்கில் கட்டணம் வாங்குவதில்லை. பாட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவார். திருப்தி வரும்வரை திரும்பத் திரும்ப வாசித்துப் பார்க்க ஏழை இளைஞர்களுக்கு அது வசதியாக இருந்தது. பிப்ரவரி 25-ந் தேதி இரவு அதே பாட்டைப் புதிதாகப் பதிவு செய்தார்கள்.

இங்கே ஒரு சிக்கல் குறுக்கிட்டது. டெக்காவுக்காகப் பாடிய பாட்டை ஐந்து ஆண்டுகளுக்கு வேறிடத்தில் பாடக் கூடாது என்பது பழைய ஒப்பந்தத்தின் நிபந்தனை. ஆகவே ஹாலியின் பெயரை மறைத்து ஒரு குழுவின் பெயரில் வெளியிடத் தீர்மானித்தார்கள். பூச்சிகளின் பெயர்களைப் புரட்டிப் பார்த்து 'கிரிக்கெட்ஸ்' என்று வைத்துக்கொண்டார்கள். இது பந்தும் மட்டையும் கொண்ட விளையாட்டு அல்ல. இரவில் சுவரோரம் இருந்து கத்தும் சுவர்க்கோழிப் பூச்சி.

டிரம்ஸ் ஜெர்ரி அலிசன், பாஸ் ஜோ மால்டின், இரண்டாவது கிதார் நிக்கி சல்லிவன், முன்னால் நின்று பாடி முதல் கிதாரும் வாசிப்பவர் ஹாலி. மே மாதம் வெளிவந்த இசைத்தட்டு செப்டம்பரில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதை வெளியிட்ட பிரன்ஸ்விக் நிறுவனம் டெக்காவின் கிளை என்பதுதான் வேடிக்கை. முன்வாசலில் துரத்தப்பட்டவர் பின்வாசல் வழியாக உள்ளே போய்ச் சிம்மாசனம் ஏறினார்.

அரங்குகளும் கண்ணாடியும்

பாட்டைக் கேட்டவர்களில் பலர் இந்தக் குழுவைக் கறுப்பினக் குழு என்றே நினைத்துவிட்டார்கள். 1957 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில், கறுப்பின ரசிகர்கள் நிறைந்த அப்பல்லோ அரங்கில் ஒரு வாரம் பாட ஏற்பாடாகியிருந்தது. மேடைக்கு வந்தவர்கள் டெக்சாஸ் வெள்ளைக்காரப் பையன்கள். முதல் நாட்களில் கைதட்டல் இல்லை. வாரம் முடிவதற்குள் அந்த ரசிகர்களையும் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

சினிமா நடிகர் போன்ற அழகு ஹாலிக்குக் கிடையாது. ஒல்லியான உடம்பு, கடுமையான கிட்டப்பார்வை. தடித்த கறுப்புச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடியோடு மேடை ஏறினார். கண்ணாடி போட்ட பையனும் கதாநாயகன் ஆகலாம் என்று அவரைப் பார்த்துத் தைரியம் கொண்டவர்கள் பலர்.

1958 மார்ச்சில் கிரிக்கெட்ஸ் இங்கிலாந்துக்குப் போனார்கள். 25 நாட்களில் 50 நிகழ்ச்சிகள். லிவர்பூல் நகரில் ஜான் லென்னன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன் ஆகியோர் அதே ஆண்டு தங்கள் முதல் இசைத்தட்டைச் சொந்தச் செலவில் பதிவு செய்துகொண்டபோது எடுத்த பாட்டு 'தட்ல் பி தி டே'. பிற்காலத்தில் அவர்கள் குழுவுக்கு 'பீட்டில்ஸ்' என்று வண்டின் பெயர் வந்ததற்கும் இந்தச் சுவர்க்கோழிகளே தூண்டுதல்.

திருமணமும் கணக்கும்

1958 ஜூனில் நியூயார்க்கில் ஒரு இசை வெளியீட்டு அலுவலகத்தின் வரவேற்பு மேஜையில் மரியா எலினா சாண்டியாகோ என்ற போர்ட்டோ ரிக்கோ பெண்ணைச் சந்தித்தார். முதல் தடவை வெளியே சாப்பிடப் போனபோதே திருமணப் பேச்சை எடுத்தார். ஆகஸ்ட் 15-ந் தேதி லப்பக்கில் திருமணம் நடந்தது.

நியூயார்க்கில் குடியேறிய ஹாலி, வயலின்கள் பின்னணியில் ஒலிக்க மென்மையான பாட்டுகளைப் பதிவு செய்தார். வீட்டிலேயே டேப் ரிக்கார்டர் வைத்துப் புதுப் பாட்டுகள் எழுதினார். கற்பனை வற்றவில்லை, கையில் காசு மட்டும் இல்லை.

குழுவின் மேலாளராகவும் இருந்த நார்மன் பெட்டியின் பெயர் பல பாட்டுகளில் எழுதியவர் வரிசையிலும் சேர்ந்திருந்தது. வரும் பணமும் அவர் கை வழியாகத்தான் வந்தது. 1958 கடைசியில் ஹாலி அவரைவிட்டு விலகினார். அலிசனும் மால்டினும் பெட்டியோடு நின்றுவிட்டார்கள். கணக்குத் தீராததால் பணம் முடங்கியது. உலகமெல்லாம் இசைத்தட்டு விற்ற பாடகர், கர்ப்பிணி மனைவியை வைத்துக்கொண்டு அன்றாடச் செலவுக்கு வழி தேட வேண்டியதாயிற்று.

உறைபனிப் பயணம்

அதனால்தான் குளிர்காலச் சுற்றுப்பயணம் ஒன்றுக்கு அவர் ஒப்புக்கொண்டார். 1959 ஜனவரி 23-ந் தேதி மில்வாக்கியில் தொடக்கம். கிட்டத்தட்ட நாள்தோறும் ஒரு ஊர். வரைபடத்தைப் பார்க்காமல் போட்ட திட்டம் போல முன்னும் பின்னுமாக அலைச்சல். பழைய பஸ்ஸில் வெப்பக் கருவி வேலை செய்யவில்லை. டிரம்ஸ் வாசித்தவர் கால் உறைந்துபோய் மருத்துவமனையில் சேர்ந்தார்.

பிப்ரவரி 2-ந் தேதி அயோவா மாநிலத்தின் கிளியர் லேக் ஊரில் நிகழ்ச்சி. அடுத்த ஊர் மின்னசோட்டா மாநிலத்தின் மூர்ஹெட். இன்னோர் இரவைப் பஸ்ஸில் கழிக்க விரும்பாத ஹாலி சிறிய விமானம் ஒன்றை வாடகைக்குப் பேசினார். ஆளுக்கு 36 டாலர். முன்னதாகப் போனால் துணி துவைக்கலாம், சற்றுத் தூங்கலாம் என்பதே எண்ணம்.

பாஸ் வாசித்த வேலன் ஜென்னிங்ஸ், காய்ச்சலில் தவித்த ஜே.பி.ரிச்சர்ட்சனுக்குத் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார். கிதார் வாசித்த டாமி ஆல்சப்பும் 17 வயது ரிச்சி வேலன்சும் நாணயம் சுண்டிப் பார்த்தார்கள், வேலன்ஸ் வென்றார். பஸ் உறைந்து போகட்டும் என்று ஹாலி கேலி செய்ய, விமானம் விழட்டும் என்று ஜென்னிங்ஸ் பதிலுக்குக் கேலி செய்தார். அந்த விளையாட்டுப் பேச்சு ஜென்னிங்ஸை வாழ்நாளெல்லாம் வதைத்தது.

நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குச் சற்று முன் புறப்பட்ட விமானம் சில மைல் தூரத்தில் வயல் ஒன்றில் விழுந்து நொறுங்கியது. காலை ஒன்பதரை மணியளவில்தான் கண்டுபிடித்தார்கள். மூன்று பாடகர்களும் 21 வயது விமானியும் மாண்டுபோயிருந்தார்கள். கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுவதற்கு விமானி தகுதி பெறவில்லை, வானிலை எச்சரிக்கைகள் அவரிடம் முறையாகச் சொல்லப்படவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. மரியா எலினா செய்தியைத் தொலைக்காட்சி மூலம் அறிந்தார். அதிர்ச்சியில் கரு கலைந்தது.

திரும்பி வந்த எழுத்து

அன்று இரவு மூர்ஹெட் நிகழ்ச்சி நிற்கவில்லை. உள்ளூர்ப் பள்ளி மாணவன் ஒருவன் தன் தோழர்களோடு மேடை ஏறிப் பாடினான். 15 வயதான அந்தப் பையன்தான் பின்னாளில் பாப் பாடகராகப் புகழ்பெற்ற பாபி வீ.

பனி உருகிய பிறகு வயலில் ஹாலியின் மூக்குக்கண்ணாடி கிடைத்தது. அது ஓர் உறையில் போடப்பட்டு அரசு அலுவலகத்திலேயே மறந்துபோய்க் கிடந்தது. 1980-ல் கண்டெடுக்கப்பட்டுப் பின்னர் மனைவியிடம் சேர்ந்தது.

1964-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் ஹாலியின் பாட்டைப் பாடி இங்கிலாந்தில் வெற்றி கண்டார்கள். அதே பாட்டைக் கிரேட்புல் டெட் குழு நூற்றுக்கணக்கான மேடைகளில் பாடியது. 1971-ல் டான் மெக்லீன் அந்த விமான விபத்தை வைத்தே நெடும்பாட்டு ஒன்று எழுதினார். 1986-ல் ராக் இசைப் புகழ்மன்றம் முதல் அணியில் ஹாலியைச் சேர்த்தது. கிரிக்கெட்ஸ் தோழர்களுக்கு அந்தப் பெருமை வர 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

லப்பக் கல்லறையில் ஹாலி உறங்குகிறார். அவரது நினைவுக் கல்லில் குடும்பப் பெயர் ஆறு எழுத்துகளோடு சரியாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒப்பந்தக் காகிதத்தில் தொலைந்த எழுத்து கல்லில் திரும்பி வந்துவிட்டது. அவர் உழைத்துச் சம்பாதித்த பணம் மட்டும் உரிய நேரத்தில் வந்திருந்தால், அந்த உறைபனி இரவில் 22 வயது இளைஞருக்கு அயோவாவில் வேலையே இருந்திருக்காது.

தலைசிறந்த குழு எது என்ற தர்க்கம் இன்னும் நடக்கும். யார் எந்தக் குழுவுக்காக வாதாடினாலும், அந்தக் குழு நிற்கும் மேடைக்கு அடிக்கல் போட்டவர்களில் ஒருவர் கண்ணாடி போட்ட இந்த டெக்சாஸ் இளைஞர்.