அறிஞர் ஜி. என். இராமச்சந்திரன்

நம் உடலைத் தாங்குவது எலும்பு, போர்த்திருப்பது தோல். இவ்விரண்டிற்கும் உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதமாகும். அதன் அமைப்பைச் சென்னையிலிருந்தே ஆராய்ந்து உலகிற்கு உணர்த்தியவர் ஜி. என். இராமச்சந்திரன் ஆவார்.

இவர் 1922ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இவர் பௌதிகம் பயின்றார். பின்பு மின் பொறியியல் கற்கப் பெங்களூருக்குச் சென்றார். அங்கு இவரது கூர்மதியைக் கண்ட சர் சி. வி. இராமன், இவரைத் தம் துறைக்கே அழைத்துக்கொண்டார். கேம்பிரிட்ஜிலும் ஆராய்ச்சி செய்து திரும்பிய இவர், 1952இல் சென்னைப் பல்கலைக் கழகப் பௌதிகத் துறைத் தலைவரானார்.

1954இல், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, கொலாஜன் மூன்று இழைகளைக் கொண்டு அமைந்தது என்று இவர் அறிவித்தார். அடுத்த ஆண்டில், அவ்விழைகள் கயிறுபோல ஒன்றையொன்று முறுக்கிச் செல்வதையும் காட்டினார். இழையிலுள்ள அமினோ அமிலங்களுள் ஒவ்வொரு மூன்றாமிடத்திலும், மிகச் சிறியதாகிய கிளைசின் அமைந்திருத்தல் வேண்டும். பெரியதொன்று வருமாயின் கயிற்றின் நடுவே அதற்கு இடமிராது.

ஆயினும், அவ்வமைப்பில் அணுக்கள் சில அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று மேனாட்டு அறிஞர்களாகிய கிரிக்கும் ரிச்சும் 1955இல் மறுத்தனர். இராமச்சந்திரன் அம்மறுப்பையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார். அணுவும் அணுவும் எவ்வளவு நெருங்கலாம்? இதனை அறிய, அதுவரை அளக்கப்பட்டிருந்த படிகங்களின் அளவுகளைத் துருவி நோக்கினார். அதன் பயனாக 1963இல், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அரியதொரு படத்தை வெளியிட்டார். புரத இழை எக்கோணங்களில் திரும்பக்கூடும், எவற்றில் திரும்பவியலாது என்பதை அது ஒரே பார்வையில் காட்டிற்று. இழைகளை இணைக்கும் பிணைப்புப் பற்றி மறுத்தோர் கூறிய திருத்தம் பின்னர் உறுதிப்பட்டது. மூவிழை என்னும் அடிப்படைக் கருத்தோ நிலைபெற்றது.

இன்று கோடிக்கணக்கான புரத வரிசைகள் கணிப்பொறிகளில் தொகுக்கப்பட்டுள்ளன. புதிய வரிசையொன்று கிடைத்ததும், அது பழையவற்றுள் எதனோடு ஒத்துள்ளது என்று கணிப்பொறி தேடுகின்றது. நெடுகிலும் மூன்றாமிடந்தோறும் கிளைசின் வருமாயின், அது கொலாஜன் இனத்ததாகலாம் என்று அறிஞர் கருதுவர். புதிதாக அறியப்படும் புரத வடிவங்களும் இராமச்சந்திரன் படத்தைக் கொண்டே சரிபார்க்கப்படுகின்றன.

1977இல் இலண்டன் இராயல் சங்கம் இவரை உறுப்பினராக்கிச் சிறப்பித்தது. 2001 ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் இவர் மறைந்தார். பிறர் காட்டும் குறையைப் பொறுமையுடன் ஆராய்வோர்க்கு, அக்குறையே புதிய உண்மைக்கு வாயிலாகும் என்பதற்கு இவரது வாழ்வு சான்றாகும்.