காவலூர் தந்த வானியல் அறிஞர் வைணு பாப்பு

அளவற்ற அருளாளனாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

வானத்தை நோக்கிச் சிந்திக்குமாறு திருமறை நம்மைப் பன்முறை ஏவுகின்றது. நாம் மத்ரஸாவில் ஓதிய இல்முல் ஃபலக், தொழுகை நேரங்களையும் கிப்லாவையும் கணிக்கும் அளவோடு நின்றுவிட்டது. அதற்கப்பால் விரிந்துள்ள வானை நமது மாநிலத்திலிருந்தே ஆராய வழி வகுத்தவர் வைணு பாப்பு அவர்கள்.

1927 ஆகஸ்ட் 10 அன்று சென்னையில் பிறந்த அவர், வளர்ந்தது ஹைதராபாத்தில். தந்தையார் அங்குள்ள நிஜாமியா வானாய்வுக் கூடத்தில் பணிபுரிந்தார். நவாப் ஜஃபர் ஜங் என்னும் பிரபு, 1901-ல் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுத் தொடங்கிய கூடம் அது. வசதி படைத்த நம்மவர்கள் மண்டபம் கட்டுவதையே கண்டு பழகிய நமக்கு, ஒரு நவாப் தொலைநோக்கி வாங்கினார் என்பது வியப்பாகவே உள்ளது.

நிஜாம் கல்லூரியில் பயின்ற பாப்பு, ஹைதராபாத் அரசின் உதவித்தொகையுடன் அமெரிக்காவின் ஹார்வர்டு சென்றார். 1949-ல், மாணவராக இருக்கும்போதே, புதிய வால்நட்சத்திரம் ஒன்றைக் கண்டறிந்தார். நட்சத்திர ஒளியிலுள்ள கால்சியம் கோட்டின் அகலத்தைக் கொண்டு அதன் உண்மைப் பிரகாசத்தை அளக்கும் முறையை, வில்சன் என்பவருடன் இணைந்து 1957-ல் வெளியிட்டார். இன்றும் அது வில்சன்–பாப்பு விளைவு என்றே வழங்குகிறது.

வெளிநாட்டிலேயே தங்கியிருக்கலாம், தாயகம் திரும்பினார். 1960-ல் கொடைக்கானல் வானாய்வுக் கூடத்தின் இயக்குநரானார். பெரிய தொலைநோக்கி இங்கு இல்லையே என்பதே அவரது தீராக் கவலை.

அதன் அவசியத்தை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி 964-ல் சிறு மேகமெனக் குறித்துவைத்த ஆந்திரோமீடா, கோடானுகோடி நட்சத்திரங்களைக் கொண்ட ஒரு விண்மீன் மண்டலம் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் உறுதியாயிற்று. அதனை உறுதிசெய்த ஹப்பிள், இத்தகைய மண்டலங்களை நீள்வட்டம், சுருள் என வகுத்தார். 1936-ல் அவ்விரண்டுக்கும் இடையே எஸ்-ஜீரோ எனும் வகையையும் வைத்தார். கண்ணாடி வில்லையைப் போல நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த தட்டு அது. சுருள் கைகள் இரா. பக்கவாட்டில் தெரிந்தால் இனங்காண்பது எளிது. நேர்முகமாகத் தெரிந்தாலோ நீள்வட்ட மண்டலத்தைப் போன்றே மயக்கும். நடுவிலிருந்து ஓரம்வரை ஒளி எவ்வாறு குறைகிறதென அளந்தே பிரித்தறிய வேண்டும். மங்கிய ஓர ஒளியைச் சேகரிக்கப் பெரிய ஆடி வேண்டுமல்லவா?

ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்து, 1968-ல் 38 செ.மீ. தொலைநோக்கியுடன் பணி தொடங்கினார். 1972-ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977-ல் யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்ட நிகழ்வில் காவலூருக்கும் பங்குண்டு. ஆயினும் அவர் மனம் 2.34 மீட்டர் ஆடியிலேயே நிலைத்திருந்தது. அதனை விலைக்கு வாங்காமல் இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்ய வேண்டுமென்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். வாங்கியிருந்தால் விரைவில் கைக்கு எட்டியிருக்கும். நம் நாட்டார் செய்யக் கற்றிருக்க மாட்டார்கள்.

1979-ல் சர்வதேச வானியல் சங்கத்தின் தலைவரானார். 1982 ஆகஸ்ட் 19 அன்று, இருதய அறுவை சிகிச்சைக்குப் பின் ஜெர்மனியின் மியூனிக் நகரில் காலமானார். வயது 55. தொலைநோக்கியின் வேலை அப்போது முடிந்திருக்கவில்லை. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அதனைத் திறந்துவைத்து, பாப்புவின் பெயரையே சூட்டினார்.

நமது ஆவடி வழியே மேற்கே செல்லும் ரயில் பாதையில்தான் வாணியம்பாடி இருக்கிறது. அங்கிறங்கி ஆலங்காயம் வழியே மலையேறினால் காவலூர்.